ஹோம் தியேட்டர்: படம் முதலில் வந்தது, ஒலி பிறகு

வீட்டுச் சுவரில் படம் ஓட்டும் முயற்சி சினிமா பிறந்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள் தொடங்கிவிட்டது. 1912 வாக்கில் அமெரிக்காவில் எடிசன் நிறுவனமும் பிரான்சில் பாத்தே நிறுவனமும் வீட்டுக்கான புரொஜெக்டர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. அன்றைய திரையரங்குகளில் ஓடிய நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பற்றக்கூடியது. அதனால் இரு நிறுவனங்களும் வீட்டுக்கு எளிதில் எரியாத அசிட்டேட் ஃபிலிமைத் தேர்ந்தெடுத்தன. 1922இல் பாத்தேயின் 9.5 மி.மீ. ஃபிலிமும், 1923இல் கோடக்கின் 16 மி.மீ. ஃபிலிமும் வந்தன. கோடக் படச்சுருள்களை வாடகைக்குக் கொடுக்கும் நூலகத்தையும் நடத்தியது. ஆனால் வீடுகளில் ஓடியவை பெரும்பாலும் பேசாத படங்களே. திரையரங்குக்கு நிகரான 35 மி.மீ. காட்சியறை ஹாலிவுட் முதலாளிகளின் மாளிகைகளில் மட்டும் இருந்தது.

பெரிய திரையை நடுத்தர வீட்டுக்குக் கொண்டுவர முனைந்தவர்களில் ஹென்றி க்ளோஸ் முக்கியமானவர். ஒலிபெருக்கி வடிவமைப்பில் பெயர் பெற்ற அவர், 1972இல் மூன்று குழாய்கள் கொண்ட அட்வென்ட் வீடியோபீம் என்ற தொலைக்காட்சிப் புரொஜெக்டரை வெளியிட்டார். திரை பெரிதானாலும், அதில் பார்க்க நிலையம் ஒளிபரப்பியதுதான் கிடைத்தது. சோனியின் பீட்டாமேக்ஸ் (1975), ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ் (1976) ஆகிய வீடியோ டேப் கருவிகள் வந்த பிறகே எந்தப் படத்தை எப்போது பார்ப்பது என்ற முடிவு பார்ப்பவர் கைக்கு வந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கருவி ‘டெக்’ என்ற பெயரில் 1980களில் ஊர் ஊராகப் பரவியது. கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் டிவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய இரண்டு மூன்று படங்கள் போடுவார்கள். திரையரங்கின் கூட்டமும் ஆரவாரமும் அந்தத் திண்ணைகளில் இருந்தன. ஒலி மட்டும் டிவிப் பெட்டியின் சின்ன ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது.

அந்தக் குறை தீர்ந்த விதம் இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி. 35 மி.மீ. ஃபிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று இருந்த ஒடுங்கிய பட்டையில் இரண்டு தடங்களுக்குத்தான் இடம் உண்டு. 1970களின் நடுவில் வந்த டால்பி ஸ்டீரியோ, இடம், வலம், நடு, பின் என்ற நான்கு ஒலிகளை அந்த இரண்டு தடங்களுக்குள் மடித்து வைத்தது. நடு ஒலி இரண்டு தடங்களிலும் ஒரேபோல் பதியும். பின் ஒலி இரண்டிலும் எதிரெதிராகப் பதியும். அரங்கில் இரு தடங்களையும் கூட்டினால் நடு ஒலியும், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பின் ஒலியும் கிடைத்தன. 1983–84இல் வீடியோ டேப்பில் தரமான ஸ்டீரியோ வந்தபோது திரைப்படத்தின் அந்த இரண்டு தடங்களும் அப்படியே டேப்புக்கு மாறின. இப்படி, வாங்கியவர் அறியாமலே அரங்கின் சூழொலி அவர் அலமாரிக்கு வந்து சேர்ந்திருந்தது. பிரித்தெடுக்கும் கருவி ஒன்றுதான் பாக்கி.

டால்பி சரவுண்ட் என்ற பெயரில் 1982 முதல் வந்த வீட்டுக் கருவிகள் பின் ஒலியை மட்டும் பிரித்தன. அந்த ஒலி சுமார் 20 மில்லி நொடி தாமதித்து வரும். முன்னால் வரும் வசனத்தைக் காது முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் நடு ஸ்பீக்கர் இல்லாததால், ஓரமாக உட்கார்ந்தவருக்கு வசனம் திரையை விட்டு விலகி அருகிலிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருவதாகத் தோன்றும். 1987இன் டால்பி புரோ லாஜிக் நடு ஒலியையும் பிரித்துத் தந்தது. திரைக்கு நேர் கீழே ஒரு ஸ்பீக்கர் வைக்கும் இன்றைய வழக்கம் இங்கிருந்துதான் வேரூன்றியது.

அதன்பின் கவனம் அறையின் பக்கம் திரும்பியது. பெரிய அரங்குக்காகக் கலந்த ஒலி சிறிய அறையில் கூர்மையாகக் காதைக் குத்தும். லூகாஸ்ஃபிலிமின் டி.எச்.எக்ஸ். பிரிவு, டாம்லின்சன் ஹோல்மனின் வழிகாட்டலில் 1990 வாக்கில் வகுத்த வீட்டுத் தரநிலை அந்தக் கூர்மையைத் தணித்தது. திரைச்சீலை, தரைவிரிப்பு, உட்காரும் இடம் எல்லாமே திட்டமிடலில் இடம்பெறத் தொடங்கின. கேட்பவருக்கு நேர் முன்னிருந்து அளந்தால், முன் ஸ்பீக்கர்கள் இரு புறமும் 30 பாகையிலும், பின் ஒலி ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்தது. முதன்முதலாக ஒரு அறையை ஒதுக்கிக் கம்பி இழுப்பவர்களுக்கு இன்றும் அடிப்படை அளவு இதுவே.

1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு அரங்குக்கு வந்த 5.1 டால்பி டிஜிட்டல், 1995இல் லேசர் டிஸ்க் வழியாகவும், 1996 இறுதியில் ஜப்பானில் அறிமுகமான டிவிடி வழியாகவும் வீட்டுக்கு வந்தது. ஒலிகள் தனித்தனியாகவே பதிவானதால் மடித்து விரிக்கும் தேவை மறைந்தது. 2012இல் அரங்குகளில் தொடங்கி, கூரையிலிருந்தும் ஒலி வரச் செய்த டால்பி அட்மாஸ் இரண்டே ஆண்டுகளில் வீட்டுக்கும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் புதுப்படத்தின் முதல் காட்சி அரங்குக்கே உரியதாக இருந்தது. 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை டி.டி.எச். வழியாக வீடுகளுக்கு முன்கூட்டியே தர கமல்ஹாசன் திட்டமிட்டார். திரையரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், திட்டம் நிறைவேறவில்லை. கொரோனா ஊரடங்கில் அரங்குகள் மூடிக் கிடந்தபோது, 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வெளியானது.