ஒற்றைத் தண்டவாளமும் இரண்டு இழைகளும்

வவுனியா தாண்டிப் போற ரயில்பாதை ஒற்றைத் தடம். 1990இல் வவுனியாவோடு நின்ற யாழ்தேவி, 2013இல்தான் திரும்பக் கிளிநொச்சிக்கு வந்தது. ஒற்றைத் தடத்தின் பழைய விதி எளிது: ஒரு துண்டுப் பாதைக்கு ஒரு வில்லை. அது கையில் இல்லாத சாரதி நகரக்கூடாது.

ஒரே நினைவகத்தை இரண்டு இழைகள் தொடும்போதும் இதே சிக்கல்தான். 1965இல் டைக்ஸ்ட்ரா விடை எழுதினார். 1981இல் பீற்றர்சன் சில வரிகளில் இன்னும் எளிய விடை தந்தார். தாளில் சரி. ஆனால் அதை இன்றைய செயலிக்குச் சாதாரண சி மொழியில் எழுதினால் பிழைச்சுப்போகும். ஏன்?

'நான் வாறன்' என்று ஓர் இழை எழுதிய கொடி இடைத்தாங்கியில் காத்துக் கிடக்க, அதற்குள் அது மற்றதின் கொடியை வாசித்துவிடும். மற்றதும் அப்படியே. வழி காலி என்று இரண்டும் உள்ளே போகும். எழுதினது வெளியே தெரிந்த பிறகே வாசி என்று மறிப்பதுதான் நினைவகத் தடை. சி மொழித் தரத்துக்குள் இது 2011இல்தான் வந்தது.

இழைகள் முந்தியடிக்கும் பிழைகள் ஆயிரம் தடவை ஓட்டினாலும் தெரியாமல் போகலாம். 1985–87இல் தெராக்-25 கதிர்சிகிச்சை இயந்திரத்தில் அப்படி ஒளிந்திருந்த பிழையால் உயிர்கள் போயின. அதனால்தான் இப்போது திரெட்சானிடைசர் போன்ற கருவிகள் ஓடும் நிரலுக்குப் பக்கத்தில் காவல் நிற்கின்றன.

அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கிற தம்பி, தங்கச்சி, 'என்ர கணினியில ஓடுது' எண்டு விட்டிடாதேங்கோ. ரயில் மோதாத நாள், பாதை சரி என்பதற்குச் சாட்சி இல்லை.