பழைய இஞ்சினுக்குப் புத்துயிர்

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1927 முதல் 1931 வரை 48 லட்சத்துக்கும் அதிகமான 'மாடல் ஏ' கார்களைச் செய்தது. அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. அந்த 40 குதிரைசக்தி இஞ்சினைப் புதுப்பிப்பதில் கடினமான வேலை, பேரிங் வார்ப்பதுதான்.

சுழலும் எஃகுத் தண்டைத் தாங்குவது 'பாபிட்' என்னும் மென்மையான உலோகம். ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் 1839-இல் கண்டது. அதில் பெரும்பகுதி வெள்ளீயம். 'மாடல் ஏ' கார்கள் செய்யப்பட்ட நாளில் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் தோண்டிய நாடு மலாயா. பாபிட் தான் தேய்ந்து தண்டைக் காக்கும். தேய்ந்ததை உருக்கி அகற்றி, புதிதாக வார்த்து, அளவாகக் கடைய வேண்டும். இறுகினால் தண்டு சுற்றாது; தளர்ந்தால் இஞ்சின் 'டக் டக்' என்று தட்டும்.

இக்காலக் கார்களில் பேரிங்கைக் கழற்றி மாற்றினால் போதும். அதனால் வார்க்கத் தெரிந்த கைகள் அருகிவிட்டன. தொழில் தெரிந்த பெரியவரிடம் இளையவர் கேட்டுப் பழகினால்தான் அந்தப் பழைய இஞ்சின்கள் மீண்டும் ஓடும்.