கரையேறிய கலங்கள்

சத்தியவேட்டுத் தமிழர் மூட்டை முடிச்சோடு வேற்று மாநிலத்துக்குப் புறப்பட்டவர் அல்லர். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் எல்லைச் சீரமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தை அடைந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஆந்திரத்தைச் சேர்ந்தன. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்; மாறியது எல்லைக்கோடு. அவ்வூருக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் கிழக்கே சிறிது தொலைவு சென்றால் பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்று முகத்தில் படும். அந்த ஏரியின் முகத்துவாரத்தில்தான் ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டு கெல்டிரியாக் கோட்டையை எழுப்பித் துணி வாணிகம் நடத்தினர். அவர்களுடைய கல்லறைகள் பழவேற்காட்டில் இன்றும் நிற்கின்றன. அவர்களை ஏற்றி வந்த கப்பல்களையோ நாம் எங்கும் காண முடியாது.

கல் நிற்கிறது, கலம் மறைகிறது. கோயிலையும் கோட்டையையும் காப்பதைக் காட்டிலும் கப்பலைக் காப்பது பன்மடங்கு கடினம். நீரில் மிதந்தால் அடிப்பாகம் அரிக்கும். நீரை விட்டு எடுத்தால் மரம் வெடிக்கும். இரும்பாயின் எங்கிருந்தாலும் துருப்பிடிக்கும். நமது வெப்பக் கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழு வேறு உண்டு. சுவீடன் நாட்டின் வாசா என்னும் போர்க்கப்பல் 1628இல் தனது முதற்பயணத்திலேயே மூழ்கி, 333 ஆண்டுகள் பால்டிக் கடலடியில் கிடந்து, 1961இல் ஏறக்குறைய முழு வடிவில் வெளியே எடுக்கப்பட்டது. உப்புக் குறைந்த அந்தக் கடலில் இப்புழு வாழாமையே அதற்குக் காரணம். நம் நாட்டிலோ சேற்றில் புதைந்த கலமே தப்பியது. கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007இல் நடந்த அகழாய்வில் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள ஓடம் ஒன்று கிடைத்தது. ஒரே அஞ்சிலி மரத்தைக் குடைந்து செய்யப்பட்ட அவ்வோடத்தின் அருகே, படகு கட்டும் தேக்குத் தறிகளும் காணப்பட்டன.

நம் மண்ணில் பிறந்த பெரிய மரக்கப்பல் ஒன்று இன்றும் நீரில் மிதக்கிறது. ஆனால் அது நம் நாட்டில் இல்லை. மும்பைக் கப்பல் தளத்தில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் மலபார்த் தேக்கால் கட்டி, 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் நீரில் இறக்கிய கப்பல் அது. 1782இல் திருகோணமலைக்கு அருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத கடற்போரின் நினைவாக ‘டிரிங்கோமலி’ என்று அதற்குப் பெயரிட்டனர். ஆங்கிலேயர் நாவில் சிதைந்தாலும் அது தமிழ் ஊர்ப்பெயரே. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் 1990 முதல் 2001 வரை பொறுமையுடன் பழுதுபார்க்கப்பட்டு, இப்பொழுது அங்கே காட்சிக்கலமாக விளங்குகிறது. ஓக்கு மரத்தின் புளிப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் உள்ள எண்ணெய் ஆணியைக் காக்கும். அது மட்டுமன்று; போர்த்தொழில் முடிந்த பின்னும் நெடுங்காலம் மாலுமிப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கூடமாக அக்கப்பல் பயன்பட்டது. பயன்பட்ட வரையில் யாரேனும் ஒருவர் அதற்கு வண்ணம் பூசினார், நீர் கசிந்த இடத்தை அடைத்தார்.

அதே மும்பையில் நிகழ்ந்த மற்றொரு கதையையும் நேயர்கள் கேட்க வேண்டும். மும்பையில் குடியேறிய தமிழர் பலர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று கண்டிருக்கக்கூடிய கப்பல் அது. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் 1961ஆம் ஆண்டு நம் கடற்படையில் சேர்ந்தது. 1971ஆம் ஆண்டுப் போரில் வங்கக் கடலில் பணிபுரிந்தது. 1997 ஜனவரி 31இல் ஓய்வு பெற்றது. 2001 முதல் காட்சிச்சாலையாகத் திறக்கப்பட்டு மக்களை ஏற்றது. மிதக்கும் எஃகுக் கூட்டைக் காப்பதற்கு ஆண்டுதோறும் பெரும் பொருள் வேண்டும். அதை நிலையாக ஏற்பார் எவரும் முன்வரவில்லை. 2012இல் பாதுகாப்புக் குறைவு கருதிப் பார்வையாளர் நிறுத்தப்பட்டனர். ஏலத்தில் 60 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. அதைத் தடுக்க முயன்றோர் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. 2014 நவம்பரில் உடைக்கத் தொடங்கினர். அதன் உலோகத்தைக் கொண்டு மோட்டார் சைக்கிள்கள் செய்து விற்றனர்; அதுவும் ஒரு வகை நினைவுச் சின்னம் என்று சிலர் தேறுதல் கூறிக்கொண்டனர். எமக்கு அது தேறுதலாகத் தோன்றவில்லை. ஒரே நகரில் கட்டிய மரக்கப்பல் இருநூறு ஆண்டு கடந்து வாழ, அங்கே நிறுத்திவைத்த எஃகுக் கப்பல் ஓய்வு பெற்றுப் பதினெட்டு ஆண்டு முடியுமுன் உடைபடத் தொடங்கிற்று.

இனி நமது சத்தியவேட்டுக்குத் திரும்புவோம். தடா, சூளூர்ப்பேட்டை வழியே வடக்கே செல்லும் இருப்புப் பாதை விசாகப்பட்டினத்திற்கும் செல்லும். தொலைவு 700 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அங்கே இராமகிருஷ்ணா கடற்கரையில், மணலின் மேல், கரிய திமிங்கிலம்போல ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. அதுவே குர்சுரா. சோவியத்து நாட்டின் ரீகா துறையில் 1969 டிசம்பர் 18இல் நமது கொடியை ஏற்றது. 1971ஆம் ஆண்டுப் போரில் அரபிக் கடலில் ரோந்து சென்றது. 31 ஆண்டுகள் உழைத்து 2001 பிப்ரவரி 27இல் ஓய்வு பெற்றது. விக்ராந்துக்கு நேர்ந்தது இதற்கு நேராமல் போனதற்குக் காரணம், இதைக் கடலில் மிதக்க விடாமல் கரையேற்றியதே என்பது எமது கருத்து. 91 மீட்டர் நீளமுள்ள அந்தக் கனத்த உடலைக் கரையேற்றி, மணலின் குறுக்கே சுமார் 600 மீட்டர் இழுத்து, அடித்தளம் அமைத்து நிறுத்துவதற்கு ஏறக்குறைய ஐந்தரைக் கோடி ரூபாய் செலவாயிற்று. 2002 ஆகஸ்டில் மக்களுக்குத் திறந்துவிட்டனர். நகர வளர்ச்சிக் குழுமம் பராமரிப்பை ஏற்றது. நுழைவுக் கட்டணமும் வருகிறது. காட்டப்படும் பொருளுக்கு நித்தமும் ஒரு காவலர் வேண்டும் என்பதை முதலிலேயே கணக்கிட்டார்கள்.

உள்ளே நுழைந்தவர் முதலில் வியப்பது இடத்தின் நெருக்கம். சுமார் 75 பேர் பல நாள் கதிரவனைக் காணாமல் வாழ்ந்த குழாய் அது. முன்புறம் ஆறும் பின்புறம் நான்குமாகப் பத்து நீர்க்கணைக் குழாய்கள். அவற்றின் அருகே மாலுமிகள் உறங்கிய பலகைகள். ஓர் ஆள் மட்டுமே நிற்கக்கூடிய அடுக்களை. குனிந்துதான் அறைக்கு அறை செல்ல வேண்டும். இவற்றையெல்லாம் விளக்குபவர் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். எந்தத் திருகைத் திறந்தால் நீர் புகும், எந்த விளக்கு எரிந்தால் அச்சம், என்று பார்வையாளருக்கு அவர் சொல்லும்போது, கண்ணாடிப் பெட்டிக்குள் அட்டை எழுதிவைத்த பொருளுக்கு இல்லாத உயிர் அக்கலத்துக்கு வருகிறது. இக்கடற்கரைக்கு அப்பால்தான், விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி 1971 டிசம்பரில் மூழ்கியது. தேடப்பட்ட கப்பல் உடைந்து போயிற்று. தேடி வந்ததோ இன்றும் கடலடியில் கிடக்கிறது.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று அமையும் என்று நாம் எதிர்பார்த்தோம். 2010 இறுதியில் ஓய்வு பெற்ற வாக்லி நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொணர்ந்தனர். ஆண்டுகள் பல கழிந்தும் அது கரையேறவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. உப்பு நீர் யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதில்லை அன்றோ!

பெரிய கலங்களைப் பற்றியே பேசிவிட்டோம். சென்னையில் துறைமுகம் அமையாத காலத்தில், நங்கூரமிட்ட கப்பலிலிருந்து அலைகளைக் கடந்து பயணிகளைக் கரை சேர்த்தது மசூலாப் படகு. அதற்கு ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தனர். அலை மோதும்போது விறைத்து உடையாமல் வளைந்து கொடுத்தது. கயிறு நைந்தால் படகைப் பிரித்து, வேறு கயிறு கொண்டு மீண்டும் தைப்பார்கள். அங்கே காப்பு என்பது மரத்தில் இல்லை, தைக்கும் கையில் இருந்தது. உலக மொழிகள் பலவற்றில் ஏறிவிட்ட நமது ‘கட்டுமரம்’ என்னும் சொல்லுக்குரிய பொருளும், கண்ணாடி இழைப் படகுகள் வந்த பின் கடற்கரையில் அருகி வருகிறது. கட்டத் தெரிந்தவர் உள்ள போதே ஒன்றைக் கட்டச் செய்து படமெடுத்துப் பாதுகாப்பது, ஒரு நீர்மூழ்கியை மணலில் இழுப்பதைவிட மிகவும் மலிவான பணி.

விசாகப்பட்டினத்துக்குச் செல்லும் நேயர்கள், கூடுமாயின் நாட்டுத் திருநாள் ஒன்றில் குர்சுராவைக் காணலாம். பணியில் உள்ள கப்பல்களுக்கே வழங்கும் கொடித்தோரண மரியாதையை, ஓய்வு பெற்ற பின்னும் பெறும் ஒரு சில கலங்களுள் அதுவும் ஒன்று. முன்முனையிலிருந்து பின்முனை வரை வண்ணக் கொடிகள் கட்டிய அன்று, மணலில் நிற்கும் அக்கலம் கடலை நோக்கிப் புறப்பட்டதுபோலவே தோன்றும்.