கல்யாண போட்டோகிராபர் ஆகணுமா? கேமரா வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க!

தாலி கட்டும் நேரம் சில நொடிகள்தான். அதைத் தவறவிட்டால், மாப்பிள்ளையிடம் 'இன்னொரு தடவை கட்டுங்க' என்று கேட்க முடியாது. கல்யாண போட்டோகிராபியில் சம்பளமும் சரி, பயமும் சரி, அந்த நொடிகளுக்குத்தான்.

படிப்பு முடித்த கையோடு இந்தத் துறைக்கு வரும் இளைஞர்கள் ஏராளம். தவணையில் ஒரு கேமரா, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், பெயர் போட்டு ஒரு லோகோ. தொழில் தொடங்கியாச்சு என்று நினைக்கும்போதே ஆடி மாதம் வந்துவிடும். ஆர்டர் இருக்காது, ஆனால் தவணைத் தேதி மட்டும் தவறாமல் வரும். அந்த நிலைக்குப் போகாமல் இந்தத் தொழிலில் காலூன்றுவது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே கற்றுக்கொள்வது?

போட்டோகிராபர் ஆக பட்டம் கட்டாயமில்லை. முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு ஊட்டியில் உள்ள லைட் அண்ட் லைஃப் அகாடமி போன்ற தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சி பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு பட்டப்படிப்பு உள்ளது.

ஆனால் மண்டபத்துக்குள் என்ன நடக்கும் என்பதை மண்டபம்தான் சொல்லிக்கொடுக்கும். அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராகச் சேருவதே நல்ல தொடக்கம். முதலில் லைட் பிடிப்பீர்கள், பேட்டரி மாற்றுவீர்கள், கார்டில் இருக்கும் படங்களை காப்பி எடுப்பீர்கள். அடுத்து இரண்டாவது போட்டோகிராபராக மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் அனுப்புவார்கள். ஒரு முழு வருடம் இப்படிச் சுற்றினால், எந்த மாதத்தில் வேலை குவியும், எந்த மாதத்தில் சும்மா இருக்க வேண்டும் என்பது அனுபவத்தில் புரிந்துவிடும்.

அந்த வருடத்தில் கேமராவைவிட அதிகமாகப் படிக்க வேண்டியது சடங்குகளின் வரிசையை. நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, காசி யாத்திரை, கன்னிகாதானம், தாலி கட்டு, அம்மி மிதித்தல் என்று அடுத்து என்ன வரும் எனத் தெரிந்தவர்தான் சரியான இடத்தில் நிற்க முடியும். இந்த வரிசை சமூகத்துக்குச் சமூகம், ஊருக்கு ஊர் மாறும். முதல் நாளே வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

தாலி கட்டும்போது உறவினர்கள் அட்சதை போட எழுந்து நிற்பார்கள், செல்போன்கள் உயரும், வீடியோகிராபர் குறுக்கே வருவார். அதனால் யார் எங்கே நிற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட வேண்டும். கெட்டிமேளம் சத்தம் கேட்ட பிறகு இடம் தேடினால் எல்லாம் முடிந்திருக்கும்.

தேவாலயத் திருமணங்களில் பிளாஷ் பயன்படுத்தலாமா, பீடம் வரை போகலாமா என்பதை போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். நிக்காஹ் நிகழ்ச்சிகளில் பெண்கள் பகுதியில் யார் படம் எடுப்பது என்பதை குடும்பத்தாரிடம் முன்பே உறுதி செய்ய வேண்டும். மணமகள் அறை, நலங்கு, வளைகாப்பு போன்றவற்றுக்கு பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் பல. இந்தத் துறைக்கு வர நினைக்கும் பெண்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

என்ன கேமரா வாங்குறது?

விலை உயர்ந்த ஒரு கேமராவைவிட, நடுத்தர விலையில் இரண்டு கேமரா இருப்பது பாதுகாப்பு. ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று கைகொடுக்கும். இரண்டு மெமரி கார்டு போடும் வசதி கட்டாயம் இருக்கட்டும். ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாகும்படி செட்டிங்கை மாற்றிவிட்டால், ஒரு கார்டு கெட்டுப்போனாலும் கல்யாணம் காப்பாற்றப்படும்.

லென்ஸைப் பொறுத்தவரை மண்டப வேலைக்கு 24-70 எம்எம், முகத்தை மட்டும் அழகாகப் பிரித்துக்காட்ட 85 எம்எம். தொடக்கத்தில் குறைந்த வெளிச்சத்துக்கு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் போதும், விலையும் குறைவு. மற்றவற்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே லென்ஸை மாதாமாதம் வாடகைக்கு எடுக்கும் நிலை வந்த பிறகு அதை சொந்தமாக வாங்குவதுதான் கணக்குக்கு சரி.

படம் தொலைந்தால் என்ன ஆகும்?

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் 30 எம்பி என்று வைத்துக்கொண்டால், 3,000 படங்களுக்கு சுமார் 90 ஜிபி தேவைப்படும். இதற்கு உலகம் முழுவதும் பின்பற்றப்படும் எளிய விதி 3-2-1. அதாவது மொத்தம் 3 பிரதி, 2 வகையான சேமிப்புக் கருவி, அதில் 1 பிரதி வேறு இடத்தில். மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்பே முதல் காப்பி எடுத்துவிட வேண்டும். எல்லா காப்பியும் சரியாக இருக்கிறது என்று பார்க்கும் வரை கார்டை அழிக்கவே கூடாது.

பணம் வாங்கிவிட்டு படத்தைத் தராவிட்டால் அது சேவைக் குறைபாடு. வாடிக்கையாளர் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம்.

கையில் எவ்வளவு நிற்கும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இவை உதாரணத்துக்கான தொகைகள் மட்டுமே. ஒரு கல்யாணத்துக்கு ரூ.60,000 பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

- இரண்டாவது போட்டோகிராபர்: ரூ.8,000
- ஆல்பம் டிசைன், பிரிண்ட்: ரூ.14,000
- எடிட்டிங்: ரூ.6,000
- பயணம், சாப்பாடு: ரூ.4,000
- லென்ஸ் வாடகை: ரூ.3,000

செலவு ரூ.35,000 போக மிச்சம் ரூ.25,000. வருடத்துக்கு 25 கல்யாணம் கிடைத்தால் ரூ.6,25,000. மாதத்துக்குப் பிரித்தால் சுமார் ரூ.52,000. கல்யாணம் 15 ஆகக் குறைந்தால் மாதம் ரூ.31,250தான். கேமரா தவணை, ரிப்பேர், வீட்டு வாடகை எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். பக்கத்து ஸ்டுடியோவைவிட ரூ.10,000 குறைத்து ஆர்டர் பிடித்தால், அது முழுக்க உங்கள் மிச்சத்தில் இருந்துதான் குறையும், ஆல்பம் செலவில் இருந்து அல்ல.

இதில் இன்னொரு சிக்கல், இந்த வருமானம் மாதாமாதம் வராது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. ஆவணியிலும் தையிலும் வரும் பணத்தில் ஒரு பங்கை தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்தால்தான் இந்த மாதங்களைத் தாண்ட முடியும்.

போர்ட்ரெய்ட் வேலை எதுக்கு?

அந்தக் காலி மாதங்களில் சோறு போடுவது போர்ட்ரெய்ட்தான். பிறந்த குழந்தை, காதுகுத்து, முதல் பிறந்தநாள், கர்ப்பகால போட்டோ, நிறுவன ஊழியர்களின் புரொஃபைல் படம் என்று இவை பெரும்பாலும் முகூர்த்தத்துக்குக் காத்திருப்பதில்லை. இன்று நீங்கள் கல்யாணம் எடுத்துக்கொடுத்த தம்பதி, நாளை வளைகாப்புக்கும் குழந்தையின் பிறந்தநாளுக்கும் உங்களையே கூப்பிட்டால் விளம்பரச் செலவே இல்லை.

போர்ட்ரெய்ட்டில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மாநிற முகத்தை எடிட்டிங்கில் வெளுக்க வைப்பது நம் ஊரில் இன்னும் வழக்கமாக இருக்கிறது. ஆல்பத்தைத் திறந்ததும் 'இது யாரு?' என்று வீட்டார் கேட்கும் அளவுக்கு முகம் மாறிவிடுகிறது. வெளிச்சத்தை முகத்துக்குச் சரியாக அமைத்து, தோலின் நிறத்தை அப்படியே காட்டத் தெரிந்தவருக்கு தனி மதிப்பு உண்டு. கலர் ஏத்தித் தரச் சொல்லி உறவினர்கள் கேட்டால், மணமக்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அது அவர்கள் முகம்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதணும்?

'தெரிஞ்ச குடும்பம்தானே' என்று வாய்ப்பேச்சில் விடுவதால்தான் பல தகராறுகள். ஒரே ஒரு பக்கத்திலாவது இவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது அவசியம்.

- எந்தெந்த நிகழ்ச்சி, எத்தனை மணி நேரம், எத்தனை பேர் வருவார்கள்
- எத்தனை படம், எத்தனை பக்க ஆல்பம், எந்தத் தேதிக்குள் தரப்படும்
- அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது
- தேதி மாறினாலோ ரத்தானாலோ அட்வான்ஸ் என்ன ஆகும்
- உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஏற்பாடு என்ன
- படங்களை நீங்கள் சமூக வலைதளத்தில் போடலாமா

கடைசி வரியைப் பலரும் கண்டுகொள்வதில்லை. காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ன் படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கிளிக் செய்தது நீங்கள் என்றாலும், அந்தப் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

ஜிஎஸ்டி, கடன் விவரம் என்ன?

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். போட்டோகிராபிக்கு வரி 18%. இங்கே கணக்கில் வருவது லாபம் கிடையாது, மொத்த வரவு. மேலே சொன்ன ரூ.60,000 கணக்கில் 34 கல்யாணம் எடுத்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான உதயம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். முத்ரா திட்டத்தில் சொத்து அடமானம் இல்லாமல் ஷிஷு பிரிவில் ரூ.50,000 வரையும், கிஷோர் பிரிவில் ரூ.5 லட்சம் வரையும் கடன் கேட்டு வங்கியில் விண்ணப்பிக்கலாம்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

ட்ரோன் விதிகள் 2021-ன் படி, 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ள ட்ரோனை வணிக நோக்கில் இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. கல்யாண வேலையும் வணிகம்தான். ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண்ணும் பெற வேண்டும். விமான நிலையம் பக்கத்தில் மண்டபம் இருந்தால் மண்டலக் கட்டுப்பாட்டைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை இருப்பதால், வாங்கும்போது பில்லும் பதிவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்கு தண்டவாளத்தைத் தேடிப் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அத்துமீறி தண்டவாளப் பகுதிக்குள் நுழைந்தால் ரயில்வே சட்டம் 1989-ன் கீழ் 6 மாதம் வரை சிறையோ, ரூ.1,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உயிருக்கே ஆபத்து என்பது தனி.

ஆக, எங்கிருந்து தொடங்குவது?

முதல் வருடம் ஒருவரிடம் உதவியாளர். இரண்டாம் வருடம் தெரிந்தவர்கள் வீட்டுச் சிறு நிகழ்ச்சிகள், கையில் ஒரு கேமரா, மற்றதெல்லாம் வாடகை. மூன்று ஆடி மாதங்களைக் கடன் வாங்காமல் கடந்துவிட்டால், அதன் பிறகு பெரிய கேமராவைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை வீட்டில் இருக்கும் பெரியவர்களை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்துப் பழகுங்கள். தாத்தா பாட்டிக்கு நல்ல படம் ஒன்று இல்லாத வீடுகள் நம் ஊரில் நிறைய!