ஒருவருக்குப் பன்மை வினை ஏன்?

ஆங்கிலத்தில் ஒருவரை நோக்கிப் பேசும்போதும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை வருவானேன் என மாணாக்கர் என்னை வினவுவதுண்டு. ஜெர்மன் பயில்வோரோ, ‘தாங்கள்’ என்பதற்கும் ‘அவர்கள்’ என்பதற்கும் ‘ஸீ’ என்னும் ஒரே சொல் வழங்கக் கண்டு மயங்குவர். இரண்டிற்கும் விடை மரியாதையின் வரலாற்றில் உள்ளது.

முன்னாளில் ஆங்கிலத்தில் ஒருமைக்குத் ‘தௌ’ என்பதும், பன்மைக்கு ‘யீ’, ‘யூ’ என்பனவும் வழங்கின. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி உயர்ந்தோரைப் பன்மையால் அழைக்கும் பழக்கம் மெல்லப் புகுந்தது. ‘தௌ’ நெருங்கியோர்க்கும் தாழ்ந்தோர்க்கும் உரியதாயிற்று. 1603-இல் சர் வால்ட்டர் ராலேயின் வழக்கு விசாரணையில், அரசுத் தலைமை வழக்கறிஞர் எட்வர்டு கோக் அவரை இகழ்வதற்கென்றே ‘தௌ’ என விளித்தார்.

அந்நூற்றாண்டிலேயே குவேக்கர் என்னும் சமயத்தினர், இறைவன்முன் யாவரும் சமம் என்று கூறி, நீதிபதியையும் ‘தௌ’ என்றே அழைத்தனர். அதனால் வசையும் அடியும் பெற்றனர். அவர்தம் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் முதலியோர் 1660-இல் பல மொழிகளினின்றும் சான்று காட்டி இதற்கென ஒரு நூலே வெளியிட்டனர். இலக்கணம் அவர்கள் பக்கமே இருந்தது. எனினும் வென்றது ஊர்வழக்கு. ‘யூ’ அனைவர்க்கும் பொதுவாயிற்று. அதன் பன்மை வினையும் உடன் தங்கிவிட்டது.

ஜெர்மானியர் பணிவில் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். பன்மையாகிய ‘ஈர்’ போதாமல், எதிரில் நிற்பவரையே ‘ஏர்’ எனப் படர்க்கையாற் சுட்டினர். அதுவும் போதாதென்று படர்க்கைப் பன்மையாகிய ‘ஸீ’யைக் கைக்கொண்டனர். மரியாதைக்கெனப் பிறந்த ‘ஏர்’, 18ஆம் நூற்றாண்டில் பணியாளரை ஏவும் சொல்லாய்த் தாழ்ந்தது.