மல்பெரியிலிருந்து கார்பன் இழை வரை: ஹாக்கி மட்டையின் மூலப்பொருள் வரலாறு

தியான்சந்தின் மட்டைக்குள் காந்தம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு அதை உடைத்துப் பார்த்ததாக ஒரு கதை நம் பள்ளி மைதானங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. கதை உண்மையோ பொய்யோ, அக்காலத்து இந்திய மட்டை ஒன்றைப் பிளந்தால் உள்ளே என்ன இருக்கும் என்பது தெரிந்ததே: நீராவியில் இளக்கி வளைத்த மல்பெரிக் கட்டை, பிரம்புக் கைப்பிடி, பிரம்புகளுக்கு நடுவே ரப்பர் பட்டை, பசை, இறுகச் சுற்றிய நூல். இன்றைய சர்வதேச வீரர் ஒருவரின் மட்டையில் இவற்றில் எதுவும் இல்லை. கார்பன் இழை, கண்ணாடி இழை, அராமிட் இழை, இவற்றைப் பிணைக்கும் எப்பாக்சிப் பிசின் ஆகியவற்றாலான, நடுவே கூடான ஒரு குழல் அது.

அறிவியல் வளர்ந்தது, மட்டையும் வளர்ந்தது என்று இந்த மாற்றத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கம். காலவரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. கண்ணாடி இழை 1930களின் இறுதியிலேயே அமெரிக்காவில் தொழில்முறையில் உற்பத்தியானது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு வானூர்தி ஆய்வகம் வலிமைமிக்க கார்பன் இழையை உருவாக்கியது 1960களின் முற்பகுதியில். டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கெவ்லார் என்னும் அராமிட் இழைக்கு வழி கண்டது 1965இல். பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஹாக்கி பல ஆண்டுகள் மரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. மட்டையின் மூலப்பொருளை மாற்றிய முதன்மைக் காரணி ஆடுகளம்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். தரை மாறிய பிறகே மட்டை மாறியது. விதிப்புத்தகம் இரண்டுக்கும் பின்னால் வந்து சேர்ந்தது.

ஆஷ் மரமும் ஈரப் புல்லும்

நவீன ஹாக்கிக்கு விதிகளை வகுத்த ஹாக்கி அசோசியேஷன் 1886இல் லண்டனில் அமைந்தது. அன்றைய ஆங்கிலேய மட்டைகள் ஆஷ் மரத்தால் ஆனவை. ஆஷ் நீண்ட நார்களை உடைய மரம். அடியின் அதிர்ச்சியை அது தாங்கும், வளைந்து மீளும். ஆனால் குறுகிய வளைவுக்கு எளிதில் இணங்காது. அதனால் மட்டையின் தலை நீண்டு, மெல்ல வளைந்து போகும். இங்கிலாந்தின் ஈரமான, மேடுபள்ளமான புல்தரைக்கு அது போதுமானதாக இருந்தது. பந்தை ஓங்கி அடிப்பதும் அதன் பின்னால் ஓடுவதுமே அங்கே ஆட்டம். மட்டையைத் திருப்பிப் பிடித்து இடப்பக்கமாகப் பந்தை இழுக்கும் ரிவர்ஸ் ஆட்டத்துக்கு அந்த நீண்ட தலை தடையாக இருந்தது. அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவும் இல்லை.

ராணுவத்தோடும் ரயில்வேயோடும் ஹாக்கி இந்தியாவுக்கு வந்தபோது தரை வேறாக இருந்தது. கல்கத்தாவில் 1895இல் பெய்ட்டன் கோப்பைப் போட்டி தொடங்கியது. பஞ்சாபின் படைமுகாம்களில் ஆட்டம் வேரூன்றியது. வெயிலில் காய்ந்து இறுகிய மண்ணில் பந்து வேகமாகவும் நேராகவும் ஓடும். அங்கே பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு இடமும் வலமுமாகத் தட்டிச் செல்பவனே கெட்டிக்காரன். அதற்கு மணிக்கட்டின் ஒரு சுழற்சியில் திரும்பக்கூடிய குட்டையான தலை வேண்டும். அப்படி வளைக்க வேறு மரம் வேண்டும். அந்த மரம் மல்பெரி.

முசுக்கொட்டை என்றும் நாம் சொல்லும் மல்பெரியைத் தமிழர்கள் பட்டுப்புழுவின் உணவாகவே அறிவோம். அதன் மரக்கட்டைக்கு உலகப் புகழ் தேடித் தந்த ஊர் சியால்கோட். லாகூருக்குத் தெற்கே சாங்கா மாங்கா என்ற காடு இருக்கிறது. ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டும் என்பதற்காக 1866 முதல் ஆங்கிலேயர் கால்வாய் நீர் பாய்ச்சி வளர்த்த நடுகாடு அது. பரப்பு 12,000 ஏக்கருக்கு மேல். விறகுக்காக நட்ட முக்கிய மரம் சீஷம். மல்பெரி அங்கே தானாகவே பரவியது. எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறின, காட்டின் முதல் நோக்கம் தேய்ந்தது. தற்செயலாய்ப் பெருகிய மல்பெரியோ சியால்கோட்டின் மட்டைப் பட்டறைகளுக்கு மூலப்பொருள் ஆனது. இந்தியா 1928இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ஒலிம்பிக் தங்க வரிசையின் பின்னே இந்தக் காடும் இருக்கிறது என்பது என் துணிபு. அந்த வெற்றிகளை எழுதிய பலர் காட்டைக் கவனிக்கவில்லை.

பட்டறை வேலையைச் சற்று அருகில் பார்க்கலாம். மல்பெரிக் கட்டையை நார் ஓடும் திசையிலேயே பட்டையாக அறுத்தெடுப்பார்கள். வெந்நீரிலோ நீராவியிலோ சூடேற்றும்போது நார்களைப் பிணைக்கும் லிக்னின் இளகிவிடும். அந்தச் சூடு ஆறுவதற்குள் கட்டையை இரும்பு அச்சில் வளைத்து இறுகக் கட்டிவிட வேண்டும். பிறகு நிழலில் காய வேண்டும். காய்ந்த தலைக்கட்டையின் மேல்முனையில் ஆப்பு வடிவத்தில் ஒரு பிளவு வெட்டி, அதே வடிவில் செதுக்கிய பிரம்புக் கைப்பிடியைப் பசை தடவிச் செருகுவார்கள். இழைப்புளியும் அரமும் உப்புத்தாளும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். தேர்ந்த ஆட்டக்காரர் மட்டை வாங்கும்போது முதலில் பார்ப்பது தலைவளைவின் மரவரியை. வளைவோடு சேர்ந்து வரியும் நுனிவரை வளைந்து போயிருந்தால் மட்டை உழைக்கும். வரி பாதியில் ஓரத்தை வெட்டிக்கொண்டு வெளியேறினால், அந்த இடத்தில்தான் அது பிளக்கும்.

நாட்டுப் பிரிவினை இந்தத் தொழிலையும் பிளந்தது. 1947இல் சியால்கோட்டிலிருந்து இந்து, சீக்கியக் கைவினைஞர்கள் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் குடிபெயர்ந்தனர். கைத்திறன் இந்தப் பக்கம் வந்தது, சாங்கா மாங்கா அந்தப் பக்கம் நின்றது. ஆனாலும் குட்டைத் தலை மல்பெரி மட்டை என்ற வடிவம் இரு நாடுகளிலிருந்தும் உலகெங்கும் ஏற்றுமதியாகி, நீண்ட தலை ஆங்கில மட்டையை வழக்கிலிருந்தே அகற்றிவிட்டது.

செயற்கைத் தரை கேட்டது என்ன?

1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, மறு ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் ஆடப்பட்டது அதுவே முதல்முறை. இந்த வீழ்ச்சியைப் பற்றி எழுதாதவர் இல்லை. மரம் பட்ட பாட்டைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

செயற்கை இழைத்தரை மட்டைக்கு மூன்று வகையில் சோதனை வைத்தது. முதலாவது உராய்வு. மண்ணிலும் புல்லிலும் மெல்லத் தேயும் மட்டையின் அடிப்பாகம், நைலான் தரையில் அரத்தில் வைத்துத் தேய்த்தது போலத் தேய்ந்தது. இரண்டாவது தண்ணீர். உராய்வைக் குறைக்கத் தரையில் நீர் தெளித்து ஆடும் வழக்கம் வந்தது. தேய்ந்து திறந்த மரநார்கள் அந்த நீரை உறிஞ்சி உப்பின, காய்ந்தபோது வெடித்தன. மூன்றாவது வேகம். தரை சமதளமாகி, பந்து எகிறுவது குறைந்ததும் அடியின் விசை கூடியது. மட்டையோடு மட்டை மோதுவதும் கூடியது.

மரத்தால் இனி முடியாது என்று உடனே ஆகிவிடவில்லை. தமிழகத்தின் வி. பாஸ்கரன் தலைமையில் இந்தியா 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்றது செயற்கைத் தரையில்தான். அன்றைக்கும் மட்டையின் உடல் மரமே. அடுத்த சில ஆண்டுகளில் நடந்ததை ஒட்டுவேலைக் காலம் எனலாம். தலையிலும் தண்டிலும் கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்து ஒட்டினார்கள். பிறகு கெவ்லார், அதன் பிறகு கார்பன் பட்டைகள். 1980களில் நெதர்லாந்தைச் சேர்ந்த டூன் கூலன் தலையைக் கொக்கி போல மேல்நோக்கி வளைத்த மட்டையைக் கொண்டுவந்தார். ஒரே கட்டையில் அப்படி வளைத்தால் மரம் ஒடியும். மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்ததால் அது சாத்தியமாயிற்று. கொக்கி எவ்வளவு உயரம் எழலாம் என்பதற்கு விதி பிறகு வரம்பு கட்டியது. இன்று அந்த வரம்பு 100 மில்லிமீட்டர்.

ஒட்டுவேலையின் சிக்கல் எடை. மரத்தைக் குறைக்காமல் மேலே இழையைக் கூட்டினால் மட்டை கனக்கும். அதிலும் தலைப்பக்கம் கனப்பது கைக்குப் பெரும் சுமை. ஒரு பொருளைச் சுழற்றுவதற்கான எதிர்ப்பு, சுழலும் புள்ளியிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். மட்டையின் நடுவில் 20 கிராம் கூடுவதைவிட அடிநுனியில் அதே 20 கிராம் கூடுவது ஏறத்தாழ நான்கு மடங்கு தடுக்கும். தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு மட்டைகளில் ஒன்று லேசாகவும் மற்றது கனமாகவும் ஆட்டக்காரருக்குப் படுவது இதனால்தான்.

அலுமினியமும் முயன்று பார்க்கப்பட்டது. லேசானது, நீரால் கெடாது. ஆனால் உலோகக் குழல் உடைந்தால் கூர்முனையாக உடையும். இன்றைய விதி, ஆபத்தில்லாத எந்தப் பொருளிலும் மட்டை செய்யலாம், உலோகம் மட்டும் கூடாது என்கிறது. மரம் என்ற கட்டாயம் 1990களில் தளர்ந்து மறைந்ததும் இழைகளைப் பிசினால் பிணைத்துச் செய்யும் காம்போசிட் மட்டைக்குக் கதவு திறந்தது.

காம்போசிட் மட்டையில் எந்த இழை எங்கே என்பதே வடிவமைப்பு. சாதாரண கார்பன் இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல் அளவு, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராமுக்குள். கண்ணாடி இழையின் விறைப்பு 70 சொச்சம், அடர்த்தி 2.5க்கு மேல். விறைப்பில் அராமிட் இடைப்பட்டது. அதன் அடர்த்தி 1.44 மட்டுமே, அதிர்வை நன்றாக விழுங்கும், கிழிபடாது. அடியின் விசைக்குக் கார்பன், விலையைக் கட்டுப்படுத்தக் கண்ணாடி இழை, கையின் சுகத்துக்கு அராமிட். பிசின் ஊறிய இழைத்தாள்களை வெவ்வேறு கோணங்களில் அடுக்கி, உள்ளே காற்றுப்பை வைத்து, எஃகு அச்சில் மூடிச் சூடேற்றுவார்கள். உள்ளிருந்து காற்று அழுத்த, பிசின் இறுகி மட்டை ஒரே துண்டாக வெளியே வரும். எடை பெரும்பாலும் 550 கிராமை ஒட்டி இருக்கும். விதி அனுமதிக்கும் உச்சம் 737 கிராம். பழைய அளவையில் 26 அவுன்ஸ்.

மரத்தில் முடியாத ஒன்று அச்சில் எளிதானது. மட்டையின் முகத்தை நீளவாக்கில் வில்லாக வளைத்தால் பந்தை மட்டையோடு இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்கில் பந்து மட்டையில் கூடுதல் நேரம் ஒட்டியிருந்து சீறிப் பாயும். பெனால்டி கார்னர் காப்பாளர்களுக்கு அது ஆபத்தானபோது விதி தலையிட்டது. முதலில் 50 மில்லிமீட்டர் என்றிருந்த வளைவின் ஆழம் 25 ஆகக் குறைந்தது. ஆழமான இடம் மட்டையின் அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வந்தது. இதைவிட நுட்பமானது இன்னொரு விதி: சோதனைக்கூடத்தில் அடிக்கப்படும் பந்தின் வேகம், மட்டைத் தலையின் வேகத்தில் 98 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மரம் தன் இயல்பாலேயே வைத்திருந்த எல்லையை, மரம் போன பிறகு எண்ணால் எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

உழைப்பு என்பதன் கணக்கு

காம்போசிட் மட்டை அதிகம் உழைக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் பாதிதான் ஏற்கிறேன். நீரிலும் உராய்விலும் அது மரத்தை வெல்லும், ஐயமில்லை. ஆனால் மரம் கீறல் காட்டி, சத்தம் மாறி, எச்சரித்த பிறகே உடையும். கார்பன் அடுக்குகள் உள்ளுக்குள் பிரிவது வெளியே தெரியாது. பக்கவாட்டில் விழும் ஒரு வெட்டடியில் திடீரென ஒடியும். மர மட்டையின் வெடிப்பைப் பசை வைத்து, நூல் சுற்றி, இன்னொரு பருவம் ஆடலாம். இறுகிய எப்பாக்சியை மறுபடி உருக்க முடியாது. ஒடிந்த மட்டை குப்பைதான். விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த பொருளின் இடத்தில் பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் வந்திருக்கிறது. ஹாக்கிப்பட்டி என்றே பெயர் வாங்கிய கோவில்பட்டி போன்ற ஊர்களில் கரிசல் மண்ணில் மர மட்டையோடு பழகிய பிள்ளைகள் செயற்கைத் தரைக்குப் போகும் நாளில், இந்த விலைதான் முதலில் வழிமறிக்கிறது.

ஆகவே மாற்றுப் பொருள்களைப் பற்றிய ஆய்வை வெறும் சூழலியல் ஆர்வமாக நான் பார்க்கவில்லை. ஆளி விதைச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் ஃபிளாக்ஸ் நார் கண்ணாடி இழையோடு போட்டியிடத் தக்கது. விறைப்பு 50 கிகாபாஸ்கலை ஒட்டியது, ஆனால் அடர்த்தி 1.5 மட்டுமே. எடைக்கு எடை பார்த்தால் கண்ணாடி இழைக்கு அது சளைத்ததல்ல. அதிர்வைத் தணிப்பதில் கார்பனை மிஞ்சும். மூங்கிலைப் பட்டையாக்கி ஒட்டினாலும் நல்ல விறைப்பு கிடைக்கும். இவற்றின் பலவீனம் பழைய மல்பெரியின் பலவீனமேதான்: தாவர நார் தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் பிசினிலிருந்து விலகும்.

இந்த இடத்தில் தரை மறுபடியும் மாறத் தொடங்கியிருக்கிறது. தண்ணீர் தெளிக்கத் தேவையில்லாத ஆடுகளங்களை நோக்கிச் சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு நகர்கிறது. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் விரித்த தரையின் இழை பெருமளவு கரும்பிலிருந்து பெற்ற மூலப்பொருளால் ஆனது, அதற்குத் தண்ணீரும் குறைவாகவே வேண்டியிருந்தது. ஈரம் குறைந்தால் தாவர நாருக்கு எதிரான முதல் வாதம் வலுவிழக்கும். உராய்வுச் சிக்கல் தீராது. அதனால் தலையின் அடிப்பாகத்திலும் ஓரங்களிலும் அராமிட், முகத்தில் மெல்லிய கார்பன், அதிகம் தேயாத நடுத்தண்டிலும் கைப்பிடியிலும் ஃபிளாக்ஸ் என்ற கலப்பு அடுக்கு முதலில் சோதிக்கத் தக்கது. நடுத்தண்டில் எடை குறைந்தால் மட்டை தலைப்பக்கம் சாயும் என்பதால் கைப்பிடி நுனியில் சிறிது எடை சேர்த்துச் சமன் செய்ய வேண்டியிருக்கும். காம்போசிட் அச்சுகளும் மரவேலைக் கைகளும் ஒருங்கே இருக்கும் ஜலந்தர் பட்டறைகள் இந்தச் சோதனைக்கு ஏற்ற இடம். தொடங்க வேண்டியது உச்ச விலை மட்டையிலிருந்து அல்ல, பள்ளிக்கூட அணிகள் வாங்கும் நடுத்தர விலை மட்டையிலிருந்து.