பாவு தீரும் நாள்: ஆரணி நெசவாளரின் நேரக் கணக்கு

ஆரணியில் ஒரு பாவு என்பது மூன்று அல்லது நான்கு பட்டுச் சேலைக்கு வேண்டிய நீளவாட்டு இழைகள். நெசவு வீடுகளில் வெகுகாலம் அதுவே நாட்காட்டியாகவும் இருந்தது. கடனை எப்போது அடைப்பது, மகளுக்கு நகை எப்போது எடுப்பது, உறவுக்காரர் ஊருக்கு எப்போது போவது என்ற கேள்விகளுக்கெல்லாம் "இந்தப் பாவு தீரட்டும்" என்பதுதான் பதில். தறி வீட்டுக்குள்ளேயே இருந்தது. வேலை தொடங்க மணி அடிப்பவர் கிடையாது. தாமதமாக உட்கார்ந்தால் கூலியைப் பிடிப்பவரும் கிடையாது. கூலி, முடிந்த சேலைக்கு மட்டும். ஆகவே நேரத்தைக் காக்கும் பொறுப்பு முழுவதும் நெய்பவர் தலையில் விழுந்தது.

இதே நிலையில் இருக்கும் இன்னொரு தொழில் எழுத்து. இழையும் நூல், புத்தகமும் நூல் என்று தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வாயைக் கையாகவும் அறிவைக் கதிராகவும் வைத்து, ஒரு நூல் உருவாகும் விதத்தை விளக்குகிறது. நெசவு வீட்டின் நாளைக் கூர்ந்து பார்த்தால் இந்த உறவு இன்னும் நெருக்கமாகத் தெரியும்.

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. 1751இல் கிளைவும் 1782இல் ஹைதர் அலியும் போர் செய்த ஊர் என்று வரலாற்றுப் புத்தகங்கள் இதைச் சொல்லும். மராத்திய ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த இவ்வூர், 19ஆம் நூற்றாண்டில் வட ஆர்க்காட்டின் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்பெற்றிருந்தது. பிறகு பட்டு அந்த இடத்தைப் பிடித்தது. செங்குந்தரும் சௌராஷ்டிரரும் மற்ற நெசவுக் குடிகளும் ஊருக்குள்ளும், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் தறி போட்டார்கள். ஆரணிப் பட்டுக்குத் தனிப் புவிசார் குறியீடும் உண்டு.

பழைய முறையில் நேரத்தின் மீது நெசவாளருக்கு ஓரளவு பிடி இருந்தது. வணிகர் முன்பணம் கொடுத்துத் துணி கேட்பார். ஒத்துவராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளத் தென்னிந்திய நெசவாளருக்கு வழி இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கை ஓங்கியதும் அந்த வழி அடைபட்டது. பின்னால் வந்த பட்டு முதலாளிகளின் காலத்திலும் முன்பணம் ஒரு கட்டாகவே நீடித்தது. வாங்கிய கடன் தீராமல் வேறு முதலாளிக்கு நெய்வது அரிது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றிக் கூட்டுறவுச் சங்கங்கள் பரவிய பிறகுதான் வேறொரு வாசல் திறந்தது.

ஓய்வும் மரபிலிருந்தே வந்தது. அமாவாசையன்று தறியில் உட்காராமல் இருப்பது பழைய நெசவு வழக்கம். ஆயுத பூசையன்று, குறுக்கிழையைக் கொண்டோடும் நாடாவுக்கும் அச்சுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அன்று தறி ஓடாது. அதே நாளில் புத்தகமும் எழுதுகோலும் சரசுவதி முன் போய்விடும், படிப்பவர் படிக்கமாட்டார். தமிழ் வீட்டில் இரண்டு நூலுக்கும் ஒரே நாளில் ஓய்வு. இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளர்கள் திங்கட்கிழமையைச் சோம்பலில் கழித்து, வாரக் கடைசியில் இரவு பகலாக நெய்ததை வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் காட்டுகிறார். வேலையை அளவாகக் கூறுபோட யாரும் இல்லாத இடத்தில் மனிதர் எங்கும் இப்படித்தான் நடந்திருக்கிறார்கள்.

நெசவின் பாதி வேலை தறிக்கு வெளியே நடக்கிறது. பொழுது விடியும் முன் தெருவில் முளையடித்துப் பாவை நீளமாக இழுத்துக் கட்டுகிறார்கள். இருபுறமும் ஆட்கள் நின்று, அறுந்த இழையைத் தேடி முடிந்து, கஞ்சி தொட்டு, சிக்கெடுக்கிறார்கள். இளவெயில்தான் இதற்கு ஏற்றது. வெயில் ஏறினால் இழை முறுகும், காற்று எழுந்தால் பின்னிக்கொள்ளும். பொழுது போனால் தெருவில் வண்டிகள் வந்துவிடும். ஆக ஒரு காலை தவறினால் ஒரு நாளே தவறும். அடுத்தது பிணைத்தல். தீர்ந்த பாவின் ஒவ்வொரு நுனியோடும் புதுப் பாவின் ஒரு நுனியை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், பெரும்பாலும் பெண்கள் குனிந்தபடி நாள் முழுக்கச் செய்யும் வேலை. இதற்கிடையே நாடாவுக்குள் வைக்கும் தார் சுற்ற ஒருவர், ராட்டையில் ஒருவர். நெய்பவர் தறிக்குழியில் கால் வைத்து மிதிக்கும் முதல் நொடிக்கு முன்பே பலருடைய நாட்கள் அந்தச் சேலைக்குள் போய்விட்டிருக்கும்.

கரையும் உடலும் வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இடத்தில் பல தலைமுறையாகக் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். பெரியவரின் உழைப்பு பெருகியது பள்ளிக்குப் போகாத பிள்ளையின் நேரத்தால்தான் என்பதை இத்தொழிலின் வரலாற்றிலிருந்து மறைக்கக் கூடாது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும், சிறப்புப் பள்ளிகளும் அந்த இருக்கையைக் காலியாக்கப் பாடுபட்டன.

வேகத்தைக் கூட்டும் முயற்சிகளும் நடந்தன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆங்கிலேய அதிகாரி ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் நெசவுக்கூடம் அமைத்து, கயிற்றை இழுத்தால் ஓடும் நாடாவைப் புகுத்தினார். பருத்தித் துணி வேகமாக வந்தது. ஆனால் குறித்த நேரத்துக்கு வந்து குறித்த நேரம் வரை இருக்க நெசவாளர்கள் விரும்பவில்லை. வீட்டில் மனைவி மக்களின் கை உதவும். கூடத்தில் அது கிடையாது. அவர்கள் சோம்பலால் மறுத்தார்கள் என்று சொல்வது தவறு, கணக்குப் பார்த்தே மறுத்தார்கள். கோர்வைப் பட்டில் அந்த நாடா பெரிதாக உதவவும் இல்லை.

ஒளியும் மழையும் தனிக் கணக்கு. எண்ணெய் விளக்கில் பட்டின் நிறம் பிடிபடாது. ஆகவே பகல்தான் நெசவு நேரம். மின்விளக்கு வந்து மாலையையும் வேலை நேரமாக்கியது. கைத்தறியாளருக்குத் தமிழக அரசு இரு மாதத்துக்கு ஒருமுறை தரும் இலவச மின்சாரம் 2016இல் 200 யூனிட்டாகவும் 2023இல் 300 யூனிட்டாகவும் உயர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறும், இழை தளரும், தெருவில் பாவு நீட்ட முடியாது. தீபாவளிக்கும் தை முகூர்த்தத்துக்கும் சேலை கேட்கும் நேரமும் அதுவே.

பட்டுத் தொழிலின் கணக்கையும் எழுத்தின் கணக்கையும் சேர்த்துச் சுமந்தவர் கும்பகோணத்துச் சௌராஷ்டிரரான எம். வி. வெங்கட்ராம். ஜரிகை வியாபாரம் செய்தவர். 1948இல் 'தேனீ' இதழை நடத்தினார். பிழைப்புக்காகப் பதிப்பகங்களுக்கு வாழ்க்கை வரலாறுகளை எழுதிக்கொடுத்துக்கொண்டே நாவல்களும் எழுதினார். பட்டு நெசவாளர் வாழ்வு அவருடைய 'வேள்வித் தீ'யில் பதிவாகியிருக்கிறது. 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்ய அகாதமி விருது வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. படிப்பதும் யோசிப்பதும் அடித்து எழுதுவதும் எழுத்தில் பாவு நீட்டும் வேலைகள். அவற்றுக்கு யாரும் பணம் தருவதில்லை.

ஆரணித் தறிக்கும் இது பொருந்தும். கூலி இன்றும் சேலைக் கணக்கில்தான். பிணைக்க வந்தவருக்கு நெசவாளரே தன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். பாவு நீட்டிய காலையையும் பிணைத்த நாளையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அது முழுக் கூலி.